மச்சான் சண்டை பிடிக்காத ஞாயிற்றுக்கிழமை

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆறாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் தொழிற்சாலையில், தமிழருக்கென்று ஒரு மேசை பிடித்தேன். அதுவரைக்கும் எங்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்தியிருந்தார்கள். கத்தியை எப்படித் தீட்டுவது என்று கேட்கக்கூடப் பக்கத்தில் ஆளில்லை. எனக்குத் தெரிந்த நோர்வேச் சொற்கள் அத்தனையையும் செலவழித்து மேலாளரோடு கதைத்தேன். அடுத்த கிழமை நாங்கள் எல்லோரும் ஒரே மேசையில் நின்றோம். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து புருசெத்தில் கடை திறந்தேன். கட்டடக்காரர் கருவாட்டு மணம் வரும் என்றார். வங்கிக்காரர் சிரித்தார். இரண்டு பேருமே பின்னாளில் என்னிடம் மிளகாய்த்தூள் வாங்கினவர்கள்தான். இந்த நகரத்துக்கு முருங்கைக்காயைப் பெட்டிக்கணக்கில் இறக்கினது நான். பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்க ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடியைக் கேட்டு வாங்கினது நான். 'ழ' எழுதினால் எனக்கு இன்றைக்கும் கோணித்தான் வரும். கலியாணங்களுக்கென்று மணவறை ஒன்றைக் கப்பலில் எடுப்பித்தேன். சுங்கத்தில் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன கட்டிலா, இதில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்கு விளங்கப்படுத்தி வெளியே எடுத்தேன். இன்றைக்கு ஒஸ்லோவில் குடும்பமாக இருக்கிற எங்கள் ஆக்களில் பாதிப் பேர் அந்த மணவறையில் இருந்து எழும்பினவர்கள்.

மனுசியின் தம்பியை, என் மச்சானை, இந்த நாட்டுக்கு எடுப்பித்து அந்த மீன் மேசையில் நிறுத்தினதும் நான். அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பதும் என்னால்தான்.

கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் எங்கேயாவது ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை மட்டும் ஆரும் எழுதவில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, களைப்பு. எழுதுவது மீன் வெட்டுவதைவிடக் கஷ்டமான வேலை. ஆனாலும் வேறு ஆரும் எழுதுகிற மாதிரித் தெரியாதபடியால் நானே எழுதுகிறேன்.

மச்சானும் நானும் முப்பது வருசத்துக்கு மேலாக ஒரே ஒரு சண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். பாட்ஸ்பியோர்ட்டில் ஆர் வேகமாக மீன் வெட்டினது என்பதுதான் அந்தச் சண்டை. நான்தான். அந்த மேசையில் என் கைக்குக் கிட்ட ஒருவரும் வரவில்லை. ஆனால் ஒரு பிறந்தநாள் வீட்டிலோ கலியாண வீட்டிலோ நான் அந்தக் கதையை எடுத்தால் போதும், மச்சான் எங்கே இருந்தாலும் பிளேட்டோடு எழும்பி வருவான். "அத்தான் வேகமாத்தான் வெட்டினவர், நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்று தொடங்குவான். "ஆனா அவர் வெட்டின மீனைத் திண்ட சனம் இண்டைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டு திரியுது." சபை சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். நான் அவன் கத்தியைப் பற்றி ஒன்று சொல்வேன், அவன் என் கடைக் கத்தரிக்காயைப் பற்றி ஒன்று சொல்வான். மனுசி தேத்தண்ணியைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். செத்த வீட்டில்கூட ஒருமுறை பிடித்திருக்கிறோம், வெளியில் வாகனம் நிறுத்தும் இடத்தில், சத்தம் குறைத்து.

அவன் இருப்பது ஒஸ்லோவிலேயே, ரொம்மனில். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தான். அவனுடைய மகள் வயோதிபர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்தாள்.

கொரோனா வந்து எல்லாவற்றையும் பூட்டின அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடமும் பூட்டு, மச்சான் வீட்டில். என் கடை சாப்பாட்டுக் கடையானபடியால் திறந்திருந்தது. வெளியே வரப் பயந்தவர்களுக்குச் சாமான்களைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கதவுப் பிடியில் கொழுவிவிட்டு, மணியை அடித்துவிட்டு இறங்கிவிடுவேன். எனக்கும் வயது போனதுதான், என் பிள்ளைகளும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அதையும் ஒருவரும் எழுதவில்லை, சரி, அது போகட்டும்.

கடையில் மல்லியும் இஞ்சியும் வைத்த இடத்தில் நிற்கவில்லை. எல்லா வீட்டிலும் ஆவி பிடித்தார்கள். லண்டனில் இருந்து யாரோ ஒரு குரல் போனுக்குப் போன் தாவி வந்துகொண்டிருந்தது: ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதேங்கோ, போன ஆக்கள் திரும்பி வராயினம் என்று. அந்தக் குரல் ஆருடையது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் நம்பினார்கள். தலையிடித்தால் கொரோனா. வயிற்றைப் பிரட்டினால் கொரோனா. மற்ற நோய் வருத்தங்கள் எல்லாம் லீவு எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டன என்ற மாதிரி நடந்துகொண்டோம்.

வருத்தத்துக்குப் பயந்ததைவிட, வருத்தம் வந்த வீடு என்ற பெயருக்குத்தான் எங்கள் ஆக்கள் கூடப் பயந்தார்கள். மச்சான் இருக்கிற அதே கட்டடத்தில் பக்கத்து வாசலுக்கு ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்தது. மஞ்சள் அங்கி போட்ட இரண்டு பேர் இறங்கிப் போனார்கள். ஒரு வயதான அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தா, அவ்வளவுதான். அன்றைக்குப் பின்னேரமே நாட்டின் மறுகரையில் பேர்கனில் இருந்து எனக்கு ஒருவர் போன் எடுத்து, ரொம்மனில் அந்த வீட்டில் எத்தனை பேருக்காம் என்று கேட்டார். நான் இடுப்பு எலும்பு என்றேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு பல கிழமையாக அந்த வாசற்படியில் எங்கள் ஆக்கள் ஒருவரும் கால் வைக்கவில்லை. அந்த அம்மாவின் மருமகள் கடைக்கு வந்தால் மற்றவர்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். மச்சான் அந்த வாசலைத் தன் பல்கனியில் நின்று பார்த்தவன். ஒதுங்கினவர்களில் அவனும் ஒருவன்.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாகப் போனில் முகம் பார்த்துக் கதைப்போம். அன்றைக்கும் மத்தியானத்துக்கு முன்னம் எடுத்தோம். மச்சான் தனியாக ஒரு சின்ன அறைக்குள் இருந்தான். பின்னால் மகளின் பழைய அலுமாரி தெரிந்தது. ஏனடா அங்கை போய் இருக்கிறாய் என்று மனுசி கேட்டாள். வெளியில் டிவி சத்தம் என்றான். முகம் மங்கலாக இருந்தது. போன் பழசாக்கும் என்று நினைத்தேன்.

ஊர்க்கதை, கடைக்கதை எல்லாம் முடிந்தது. கதைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். இந்தக் காலத்துப் பெடியள் ஒரு பெட்டி தூக்கவே களைக்கிறார்கள், பாட்ஸ்பியோர்ட்டில் நான் வெட்டின வேகத்துக்கு மேசையில் கத்தி தெரியாது என்று தொடங்கினேன். சொல்லிவிட்டு அவன் அடிக்கும் அடிக்காகக் காத்திருந்தேன்.

"ஓம் அத்தான்," என்றான். "நீங்கள்தான் வேகம்."

நான் கதையை நிறுத்திவிட்டேன். முப்பது வருசமாகத் தோளால் தள்ளிக்கொண்டிருந்த கதவு திடீரென்று திறந்தால் ஆள் விழத்தானே வேணும். அவன் போனை வைத்துவிட்டான். உன் தம்பிக்கு ஏதோ சரியில்லை என்று மனுசியிடம் சொன்னேன்.

"ஒருக்கா அவன் உங்களை ஒத்துக்கொண்டிட்டான்," என்றாள் அவள். "அதுவும் உங்களுக்குப் பொறுக்கேல்லை."

நான் அவனுடைய மனுசிக்குப் போன் எடுத்தேன். அவ எனக்குத் தங்கச்சி முறை. முதலில், சும்மா சளி, தடிமன் அண்ணா என்றா. தடிமனுக்கு ஏன் தனியறை என்று நான் கேட்க, அழத் தொடங்கினா. முந்தநாளில் இருந்து அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாராம். நெஞ்சு இறுக்கமாம், மூச்சு வாங்குதாம், கொரோனாதான் என்று முடிவே கட்டிவிட்டாராம். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே கதிரையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், மகளுக்குக்கூட. மகள் சினேகிதி ஒருத்தியோடு வேறு வீட்டில் இருந்து வேலைக்குப் போய்வந்தாள். தகப்பனுக்குக் கொரோனா என்றால் அவளையும் மறித்துவிடுவார்கள், வயோதிபர் இல்லத்துக்கு வருத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த குடும்பம் என்று சனம் கதைக்கும். அதுதான் அவன் கணக்கு. மல்லித்தண்ணியும் ஆவியும். இரண்டு நாளாக.

நான் உடனே வெளிக்கிட்டேன். சாக்குக்கு ஒரு பையில் கொஞ்சச் சாமானும் போட்டுக்கொண்டேன். மனுசி வாசல்வரைக்கும் வந்து, உள்ளுக்குப் போகாதேங்கோ என்றாள். தம்பியைப் பார்க்கப் போகிறவனுக்கும் அதைத்தான் சொல்லவேண்டியிருந்த காலம்.

ரொம்மனில் வாகனம் நிறுத்தும் இடத்தின் ஓரங்களில் பனி கறுத்துப்போய்க் குவிந்து கிடந்தது. குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கப் போட்ட சல்லி காலுக்குக் கீழே நொறுங்கியது. அவர்கள் வீடு மூன்றாம் மாடி. போன் எடுத்து, அந்த அறையோடு ஒட்டின பல்கனிக்கு வா என்றேன். நீண்ட நேரம் கழித்து வந்தான். சாரத்துக்கு மேல் குளிர்க் கோட்டு. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றக் கையால் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான், போனைக் கம்பியில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தான். எனக்குக் கோட்டுக்குள்ளும் குளிர்ந்தது. அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆவி பிடித்தனான், அதுதான் வேர்க்குது என்றான். தடிமன்தான், நீங்கள் போங்கோ என்றான்.

நான் அவனைச் சோதிக்க வேணும் என்று நினைத்தேன். எனக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் மச்சானைத் தெரியும். முப்பது வருசத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "பாட்ஸ்பியோர்ட்டில நீ வெட்டின மீனை ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான்தான் திருப்பி வெட்டினனான், மேலாளருக்குத் தெரியாமல். இல்லாட்டில் உன்னை அப்பவே பிளேன் ஏத்தியிருப்பாங்கள்."

அது முழுப் பொய். நல்ல நாளில் அதைச் சொல்லியிருந்தால் அந்த மூன்றாம் மாடியில் இருந்து பூச்சாடி வந்திருக்கும். அவன் துவாயைத் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டு, "சரி அத்தான்," என்றான்.

எங்கே நோகுது என்று கேட்டேன். பல் என்றான். பல்லா நெஞ்சா என்று கேட்டேன். பல்லில் தொடங்கி நெஞ்சுக்கு வருது, நெஞ்சில் ஆரோ ஏறி இருக்கிற மாதிரி, இடக்கை விறைக்குது என்றான். பிறகு குரலைக் குறைத்து, "மெல்லமாக் கதையுங்கோ அத்தான், கீழ் வீட்டில ஆக்கள் நிக்கினம்," என்றான்.

நான் ஆம்புலன்சுக்கு அடிக்கப் போகிறேன் என்றேன். அடித்தால் செத்தாலும் உங்களோடு கதைக்கமாட்டேன் என்றான். சாகிறதோ கதைக்காமல் இருக்கிறதோ, இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று சொல்லிவிட்டு ஒண்டு ஒண்டு மூண்டை அழுத்தினேன்.

என் நோர்வேஜிய மொழி மீன் தொழிற்சாலையில் பிடித்தது. வடக்குப் பேச்சு. ஒஸ்லோக்காரர் கேட்டால் சிரிப்பார்கள், கறுத்த மனிதன் வாயில் இருந்து வடகடல் மீன்பிடிகாரன் கதைக்கிறான் என்று. அன்றைக்குப் போனில் இருந்த பிள்ளை சிரிக்கவில்லை. இருமலா, காய்ச்சலா, எங்கேயாவது போய்வந்தவரா என்று கேட்டாள். அந்த நாளில் எல்லோரையும் அதைத்தான் கேட்கவேண்டும், அவளில் பிழையில்லை. நான் சொன்னேன், அதை விடு பிள்ளை, நெஞ்சு, தாடை, கை, வேர்வை, இரண்டு நாள். அவளுடைய குரல் மாறியது. விலாசத்தை வாங்கினாள். அவரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கோ, நடக்க விடாதேங்கோ, அனுப்புகிறோம் என்றாள்.

இனி வருவதுதான் என் பங்கு. இதை வடிவாகக் கவனிக்க வேண்டும்.

நான் போனை வைக்க, தங்கச்சி எடுத்தா. "அண்ணா, அவர் கதவைத் திறந்திட்டார். உடுப்பு மாத்துறார்," என்றா. அயன் பண்ணின சேட்டுக் கேட்டாராம். காற்சட்டை போட்டுவிட்டாராம். இப்போது சப்பாத்துக்குத் துணி தேடுகிறாராம். கட்டிலில் கிடத்தி மஞ்சள் அங்கிக்காரர் தூக்கிக்கொண்டு போவதைச் சனம் பார்க்கக்கூடாது. தானே படியால் இறங்கி, தெருவைக் கடந்து, பஸ் தரிப்பிடத்தில் போய் நிற்கப் போகிறாராம், வேலைக்குப் போகிற மனுசன் மாதிரி. லிஃப்ட்டில் போனால் ஆரையும் சந்திக்க வேண்டிவரும், அதனால் படி. ஆம்புலன்ஸ் அங்கே வந்து, டாக்சி மாதிரி ஏற்றிக்கொண்டு போகட்டும்.

அவன் போனை வாங்கி என்னிடமே கேட்டான். "பஸ் தரிப்பிடத்துக்கு வரச்சொல்லுங்கோ அத்தான். அஞ்சு நிமிசம். நான் வந்திடுவன்."

இருதயம், நடக்காதே, செத்துப்போவாய் என்று சொல்லிப் பார்த்தேன். அது அவன் காதில் ஏறவில்லை. சாவுக்குப் பயந்திருந்தால் இரண்டு நாளைக்கு முன்னமே கூப்பிட்டிருப்பான். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது, இந்த மனிதனை மறிக்க அவன் உண்மையிலேயே பயப்படுகிற ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்று.

"மச்சான்," என்றேன், "நீ ஒரு படி இறங்கினாலும் நான் இந்த இடத்தில நிண்டு, மூண்டாம் மாடியில கொரோனா எண்டு கத்துவன். தமிழில ஒருக்கா, நோர்வேஜியனில ஒருக்கா. முழு ரொம்மனுக்கும் கேக்கும். என்ர தொண்டையை உனக்குத் தெரியும்."

பிறகு தங்கச்சியின் குரல் கேட்டது. குந்தீட்டார் அண்ணா, சப்பாத்துப் பெட்டிக்கு மேல இருந்திட்டார்.

அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவர், கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர், சத்தம் கேட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் பல்கனிக்கு ஓடிவந்து கீழே எட்டிப் பார்த்து, "அங்கிள், நீங்க டென்ஷன் ஆகாதீங்க, லிஃப்ட்ட நான் போய் புடிச்சு வைக்கிறேன்," என்றார். நல்ல பிள்ளை. லிஃப்ட்டைப் பிடித்தார். அதை நான் மறுக்கவில்லை.

மஞ்சள் அங்கி போட்ட இரண்டு பேர் அவனைக் கதிரையில் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். அயன் பண்ணின வெள்ளைச் சேட்டு, மினுக்கின சப்பாத்து, சீவின தலை. முகம் மட்டும் சாம்பல். பல்கனிகள் முழுக்கத் தலைகள். அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தலைகளையும் பார்க்காமல் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு போனான். ஆம்புலன்ஸ் மூலை திரும்பமுன்னமே என் சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது. ஆருக்காம், ஆருக்காம்.

ஆஸ்பத்திரிக்கு ஒருவரையும் விடமாட்டார்கள். நான் அந்தக் கட்டடத்துக்கு முன்னாலேயே காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தேன். தங்கச்சி இறங்கி வந்து வாசலில் ஆக்கள் குந்துகிற வாங்கில் இருந்தா. மகள் வேலையில் இருந்து அப்படியே ஓடிவந்தாள், தாய்க்குக் கிட்டப் போகப் பயந்து விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஏன் மாமா எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்று பேரும் கை எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதனுக்காகக் காத்திருந்தோம். தாயின் தோளில் கை வைக்க மகளுக்கு முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வேலை. மீன் தொழிற்சாலையில் இரட்டை முறை வேலை செய்த நாளிலும் நான் அப்படிக் களைத்ததில்லை.

பின்னேரம் வைத்தியர் போன் எடுத்தார். மகள் சத்தமாகப் போட்டாள். இருதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று முழுதாக அடைத்திருந்ததாம். திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்களாம். உயிருக்கு இனிப் பயமில்லையாம். ஆனால் பிந்திவிட்டதாம். இருதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது இனித் திரும்பி வராது, முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். நான் அவருக்குக் கேட்கட்டும் என்று காருக்குள் இருந்தபடியே என் வடக்கு மொழியில் கேட்டேன்: அவர் படியால் இறங்கி நடந்து வந்திருந்தால்? அப்படியென்றால் நாங்கள் இப்போது இதைக் கதைத்துக்கொண்டிருக்கமாட்டோம் என்று நினைக்கிறேன் என்றார். மகளும் தங்கச்சியும் சாட்சி.

கடைசியாக வைத்தியர் சொன்னார், சோதித்துப் பார்த்ததில் கொரோனா இல்லை என்று. அதைக் கேட்டதும்தான் தங்கச்சிக்கு மூச்சு வந்தது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தா. பிறகு அந்த வாங்கில் இருந்தபடியே ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தா. "மாரடைப்புத்தான். கொரோனா இல்லையாம்," என்று சொல்லிக்கொண்டே போனா, மகளுக்குச் சம்பந்தம் சரிவந்த மாதிரி ஒரு முகத்தோடு. அவவைக் குறை சொல்லமாட்டேன். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த வருசம் எங்கள் ஆக்களில் வேறு சிலரும் இப்படித்தான் இருதயத்தைத் தடிமன் என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே வந்து நின்று வெருட்ட ஓர் அத்தான் இல்லை. செத்த வீட்டுக்கும் போகமுடியவில்லை, போனில் பார்த்தோம்.

மச்சான் வீட்டுக்கு வந்தான். ஆனால் முழுதாக வரவில்லை. வேலையை விட்டுவிட்டான். ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது இடையில் நின்று போனைப் பார்க்கிறது போல மூச்சு வாங்குவான். போனில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், நானும் பக்கத்தில் நின்று என் போனைப் பார்ப்பேன். எல்லாம் திறந்து, பிறந்தநாள் வீடுகள் திரும்பத் தொடங்கினபோது, ஒருமுறை நான் மீன் வெட்டின கதையை எடுத்தேன். சபை முழுக்கச் சிரிப்பதற்குத் தயாராக அவன் பக்கம் திரும்பியது. அவன் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். "ஓம் அத்தான்," என்றான். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுப்பதில்லை.

இந்த வருசம் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஆண்டு விழா. மலர் ஒன்று அடித்தார்கள். கொரோனாக் காலம் என்று அதில் ஒரு பகுதி. மச்சானின் மகள் தகப்பனின் கதையை எழுதியிருந்தாள். நல்ல தமிழ். நான் கேட்டு வாங்கின அந்த மேல்மாடியில் படித்த தமிழ். ஆம்புலன்ஸ்காரருக்கு நன்றி, வைத்தியர்களுக்கு நன்றி, கோயிலில் அர்ச்சனை செய்தவர்களுக்கு நன்றி. லிஃப்ட்டைப் பிடித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு பந்தி முழுக்க, பத்து வரி. எனக்கு ஒரு வரி: "உறவினர் ஒருவர் அவசர சேவைக்கு அறிவித்தார்."

உறவினர் ஒருவர்.

நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, உங்கள் பெயரைப் போடவேண்டாம் என்று அப்பாதான் சொன்னவர் மாமா என்றாள். நான் நேரே ரொம்மனுக்குப் போனேன். இந்தமுறை வீட்டுக்குள்ளேயே போனேன். மச்சான் குசினியில் மருந்துக் குளிசைகளை நாளுக்கு நாள் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் பெயரைப் போட்டால் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டிவரும் அத்தான் என்றான். கத்துவேன் என்று நீங்கள் வெருட்டினதை எழுதினால், நான் சப்பாத்து மினுக்கினதையும் பஸ் தரிப்பிடத்துக்கு வெளிக்கிட்டதையும் எழுதவேணும். சனம் சிரிக்கும். சாகக் கிடந்தவன் சேட்டு அயன் பண்ணினான் என்று பிள்ளையின் கலியாண வீட்டிலும் கதைப்பார்கள். அதனால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு அந்தப் பல்கனித் தலைகள்தான் பயம். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். எழுதினால்தானே அடுத்தவன் சேட்டுத் தேடாமல் இருப்பான் என்றேன். அவன் குளிசைப் பெட்டியை மூடிவிட்டு என் கையைப் பிடித்தான். கை குளிர்ந்திருந்தது.

"நீங்கள்தான் அத்தான் காப்பாத்தினது. எனக்குத் தெரியும். அது போதும்தானே, காணாதே?"

"காணாது," என்றேன்.

ஓம் என்று சொல்லுகிற மச்சானின் சாட்சி எனக்கு வேண்டாம். அவன் வாயில் அந்தச் சொல் வந்தால் என் கை இன்னும் போனைத் தேடுகிறது. ஆகவே மலர்க் குழுவினருக்கு இதை எழுதுகிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது 'உறவினர் ஒருவர்' என்ற இரண்டு சொல்லையும் வெட்டிவிட்டு, என் பெயரை முதலெழுத்தோடு, முழுதாகப் போடவேண்டும். அறிவித்தார் என்று மட்டும் எழுதினால் போதாது, போன் எவரும் எடுக்கலாம். அவர் நடந்து இறங்கப் போனபோது மறித்து இருத்தினவர் என்று எழுதவேண்டும். என்ன சொல்லி மறித்தேன் என்பதையும், அந்த வெள்ளைச் சேட்டையும் எழுதவேண்டும். லிஃப்ட் பிடித்த பிள்ளையின் பந்தி அப்படியே இருக்கட்டும். என்னுடையது அதற்கு மேலே வரவேண்டும்.

மச்சானுக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் வந்து என்னோடு சண்டை பிடிக்கட்டும். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.